கம்பி கட்டிய கதவுகள்

பூலோகம் ஏணியின் மேற்படியில் நின்று, ஃபால்ஸ் சீலிங்கின் ஒரு பலகையை நகர்த்திவிட்டு, டார்ச்சை உள்ளே அடித்தார். செம்பூரில் அது ஏழு மாடி வணிகக் கட்டடம். அவர் நின்றது ஐந்தாவது மாடித் தாழ்வாரம். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அபயாம்பாள் டிரஸ்ட் நடத்தும் டயாலிசிஸ் மையம். அங்கே ஜன்னலோர நாற்காலியில் அவர் மனைவி கலைச்செல்வி, கையில் இரண்டு குழாய்களோடு கண்ணை மூடிப் படுத்திருந்தாள்.

காற்றுக் குழாயின் பக்கத்தில் இருந்த சிறு மூடியைக் கழற்றினார். உள்ளே டேம்பரின் இரும்புத் தகடுகள் திறந்து நின்றன. எப்போதும் திறந்து நிற்க வேண்டியவைதான் அவை. ஆனால் பிடியைத் தட்டிவிட்டால் பட்டென்று விழுந்து குழாயை அடைத்துக்கொள்ள வேண்டும். தட்டினார். விழவில்லை. டார்ச்சை நெருக்கிப் பிடித்துப் பார்த்தார். தகடுகளைச் சுற்றி இரும்புக் கம்பி இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. துரு இல்லாத புதுக் கம்பி. கட்டியவர் அவசரத்தில் கட்டவில்லை. அவிழாதபடி நன்றாக முறுக்கி, முனையை மடக்கிவிட்டிருந்தார்.

தீ விபத்தில் மனிதர்களைக் கொல்வது பெரும்பாலும் தீ அல்ல, புகை. குளிர்ந்த காற்றைக் கொண்டுவரும் அதே குழாய் புகையையும் கொண்டுவரும். அதற்காகத்தான் குழாய் ஒவ்வொரு மாடிக்குள்ளும் நுழையும் இடத்தில் இந்த இரும்புக் கதவை வைக்கிறார்கள். சூடு பட்டால் உருகிவிடும் ஒரு சின்ன உலோகத் துண்டு அதைத் திறந்தபடி பிடித்துக்கொண்டிருக்கும். புகை பட்டால் சொல்லிவிடும் டிடெக்டரும் அதோடு சேர்ந்திருக்கும். இரண்டில் எது வேலை செய்தாலும் கதவு மூடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உரிமம் உள்ள ஏஜென்சி ஒன்று இதையெல்லாம் இயக்கிப் பார்த்துச் சான்று தர வேண்டும். பூலோகம் அப்படி ஓர் ஏஜென்சியில் வேலை பார்ப்பவர். இந்தக் கட்டடம் அவர்கள் கைக்கு வந்தது இப்போதுதான். மனைவியைக் காப்பாற்றும் இடம் என்பதால், 'இத நானே பாக்கேன்' என்று முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

அந்த மாடியில் இருந்த மற்ற டேம்பர்களையும் திறந்து பார்த்தார். எல்லாவற்றிலும் கம்பி. கீழே இறங்கிப் பார்த்தார். இரண்டாவது மாடி ரெடிமேட் துணிக் கிடங்கு. அங்கே கம்பி இல்லை. பஞ்சுத் தூசியும் பிசுக்கும் சேர்ந்து தகடுகள் திறந்தபடியே ஒட்டிக் கிடந்தன. உருக வேண்டிய துண்டுகள் துருவேறியிருந்தன. கூரைவரை அடுக்கிய துணி மூட்டைகளுக்கு நடுவே நின்றபோது, மேலே குழாய்களோடு கட்டுண்டு கிடப்பவர்கள் அவர் நினைவுக்கு வந்தார்கள். எழுந்து ஓட அவர்களால் முடியாது. ஊசியை எடுத்து, இரத்தத்தைத் திருப்பி, கையை அழுத்திப் பிடித்துக் கட்டுப்போட்டு, ஒவ்வொருவராகத்தான் விடுவிக்க முடியும். புகை அதுவரை காத்திருக்காது.

கட்டடத்தின் ஏசி ஆள் ராஹில், தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழும் இந்தியும் கலந்து பேசுவார். மெஷின் ரூமில் அவரைப் பிடித்து, பூலோகம் கம்பித் துண்டைக் காட்டினார்.

"இது யாரு கெட்டுனது?"

ராஹில் மறைக்கவில்லை. "நான்தான் அண்ணா."

"என்ன காரியம் செஞ்சிருக்க, தெரியுமாவே?"

"மாலூம் ஹை அண்ணா. ஆனா நீ சொல்லு, நான் என்ன செய்யறது? இந்த டிரஸ்ட் நடத்தற பஞ்சு சாப் தினம் காலைல சாம்பிராணி போடறாரு. முன்னாடி கொஞ்சமாப் போடுவாரு. கொரோனா வந்ததுலேர்ந்து அவருக்கு மூக்கு போச்சு, வாசனையே தெரியாது. தெரியலன்னு இன்னும் போடறாரு, இன்னும் போடறாரு. ஹால் பூரா மேகம் மாதிரி. உடனே டிடெக்டர் அடிக்கும், டேம்பர் பந்த், ஏசி பந்த். பேஷண்ட் எல்லாம் வேர்த்து ஊத்தி, ஒரு அம்மாவுக்கு பிரஷர் இறங்கி மயக்கம். நம்ம பாபிதான் அது, உங்க வீட்டம்மா."

பூலோகத்துக்கு நினைவிருந்தது. போன கோடையில் ஒருநாள் கலைச்செல்வி மயங்கி விழுந்ததாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு அப்படி நடக்கவில்லை. ஏசி சரியாகிவிட்டது என்று அவள் மகிழ்ச்சியோடு சொல்லியிருந்தாள்.

"சாப் கிட்ட சாம்பிராணி வேண்டாம்னு எப்படிச் சொல்றது? அவங்க அம்மா பேருல நடத்தற எடம். அதான் கட்டிட்டேன். நல்லதுன்னு நெனச்சுத்தான் அண்ணா."

பூலோகத்துக்குத் திட்ட வாய் வரவில்லை. அவள் மயங்காமல் இருந்தது இந்தக் கம்பியால்தான். ஒரு நாள் அவள் மூச்சுத் திணறிச் சாகப்போவதும் இந்தக் கம்பியாலேயே இருக்கலாம். உலகத்தில் தீங்கு எப்போதும் தீயவர் கையாலேயே வருவதில்லை. வந்தால் எவ்வளவு எளிதாக இருக்கும்.

கம்பிகளை அறுத்துவிடலாம், அது சிறு வேலை. ஆனால் கீழ்மாடிகளில் ஒட்டிக் கிடப்பவற்றைக் கழற்றிச் சுத்தம் செய்து, புதுத் துண்டுகள் போட்டு, ஒவ்வொன்றாக இயக்கிப் பார்க்க வேண்டும். அதுவரை பிரதான குழாயை மூடி வைக்க வேண்டும். ஒரு வாரமாவது ஆகும். மழைக்காலப் புழுக்கத்தில், காற்றே இல்லாத மூடிய ஹாலில் டயாலிசிஸ் நடத்த முடியாது. ஆகவே மையத்தையும் மூட வேண்டும். கலைச்செல்விக்குச் செவ்வாய், வியாழன், சனி. ஒரு முறை தவறினால் உடம்பில் நீர் கோக்கும். இரண்டு முறை தவறினால் என்ன ஆகும் என்பதை அவர் நினைக்கவே அஞ்சினார். இந்த நாற்காலி கிடைப்பதற்கு முன் பெரிய ஆஸ்பத்திரிகளின் வராந்தாக்களில் அவளைச் சுவரோடு சாய்த்து உட்கார வைத்துக் காத்திருந்த காலம் அவருக்கு மறக்கவில்லை.

போனில் முதலாளி நாகராஜைக் கூப்பிட்டுச் சொன்னார்.

நாகராஜ் பெருமூச்சு விட்டார். "பூலோகம், நீ என்ன எழுதினாலும் நான் அதைத்தான் அனுப்புவேன். ஆனா ஒண்ணு சொல்றேன். நாம ஃபெயில்னு எழுதினா, பில்டிங்காரங்க நாளைக்கே வேற ஏஜென்சியைக் கூப்பிடுவாங்க. அவன் ஏணியே எடுக்காம பாஸ் போட்டுக் குடுத்துட்டுப் போவான். உன் எழுத்தால எதுவும் மாறாது. அந்த டயாலிசிஸ்காரங்க தாங்களா மூடினாத்தான் வேலை நடக்கும்."

"அப்ப நா என்ன செய்ய அண்ணாச்சி?"

"எனக்குத் தெரியலடா. உன் வீட்டுக்காரி அங்க இருக்கா. நான் என்னத்தச் சொல்ல?"

பூலோகம் மேலே போய் மனைவியின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். மெஷினின் சக்கரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் ஆண்டாப் ஹில்லிலிருந்து வரும் ஜமால் பாய் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

கலைச்செல்வி கண்ணைத் திறந்தாள். "ஏங்க, என்ன பேயறஞ்ச மாரி நிக்கீங்க?"

அவர் குனிந்து எல்லாவற்றையும் மெல்லிய குரலில் சொன்னார். அவளிடம் அவர் எதையும் மறைத்துப் பழகியவரில்லை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"இத மூடினா நா எங்க போவேன்?"

"தெரியலட்டி."

"இந்த ஜமால் பாய் எங்க போவாரு? காலு ரெண்டும் யானக்கால் மாரி வீங்கிப்போயில்லா வாராரு."

"தெரியல."

"தீ இன்னைக்கேவா பிடிக்கப் போகுது? இத்தன நாள் பிடிக்கல. இசக்கியம்மா பாத்துக்கிடுவா." பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க பாஸுனு எழுதிருங்க. எழுதிட்டு மெள்ள ஒண்ணொண்ணா ரிப்பேர் செய்யுங்க. எனக்குப் பயமாருக்கு. பழையபடி அந்த வராந்தாவுல போய்க் கெடக்க என்னால முடியாது."

அவளுக்குக் கண் கலங்கியது. துடைக்கக் கை இல்லை. ஒரு கையில் குழாய்கள், மறுகையில் இரத்த அழுத்தப் பட்டை. பூலோகம் தன் தோள் துண்டால் துடைத்துவிட்டார்.

ஆனால் மெள்ள ஒண்ணொண்ணாச் செய்ய முடியாது. பிரதான குழாயை மூடாமல் கீழே கை வைக்க முடியாது. அது அவருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அதை அவளிடம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

டிரஸ்டின் பஞ்சாபகேசனை எல்லோரும் பஞ்சு சார் என்பார்கள். மாட்டுங்காவில் வீடு. பேங்கில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா அபயாம்பாள் சிறுநீரகம் கெட்டு இறந்தபோது, இனி இன்னொருவர் இப்படிச் சாகக்கூடாது என்று வேண்டிக்கொண்டு, இருந்ததையெல்லாம் போட்டு இந்த மையத்தைத் தொடங்கியவர். தன் சின்ன அறையில் உட்கார்ந்து பூலோகம் சொன்னதைக் கேட்டார். அவர் முகம் வெளுத்துப்போயிற்று.

"சாம்பிராணியாலயா? நான் போடற சாம்பிராணியாலயா?"

"உங்களால இல்லய்யா. கீழ இருக்கதும் ஒட்டிப்போய்த்தான் கெடக்கு."

"ராஹிலைத் திட்டினேளா?"

"இல்ல."

"திட்டாதேங்கோ. அவன் நன்னா இருக்கட்டும்." பஞ்சு எழுந்து ஜன்னல் பக்கம் போனார். "பூலோகம், எனக்கு ஒண்ணு புரியலை. துணிக் கோடவுன் ரெண்டாவது மாடி. இது அஞ்சாவது. நடுவுல இத்தனை கான்க்ரீட். அங்கே புகைஞ்சா இங்கே எப்படி வரும்? வந்தாலும், எல்லாரையும் இறக்கறதுக்கு நேரம் இருக்காதா? இவாளை வெளியே அனுப்பினா ரெண்டு பேராவது போயிடுவா. அது நிச்சயம். தீ நிச்சயமில்லையே?"

அது நியாயமான கேள்வி. பூலோகமும் காலையிலிருந்து அதையேதான் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வரும்ங்கது எனக்குத் தெரியும்யா. எவ்வளவு நேரத்துல வரும்னு கண்ணால பாத்ததில்ல."

"அப்போ பாத்துடுவோம்," என்றார் பஞ்சு. அலமாரியிலிருந்து பித்தளைத் தூபக்காலை எடுத்தார். "நான் இதைக் கொண்டுபோய் ரெண்டாவது மாடி ஏசி மெஷின் ரூம்ல போடறேன். ராஹில் பக்கெட் தண்ணியோட நிக்கட்டும். நீங்கோ மேலே நில்லுங்கோ. எனக்கு மூக்கு கிடையாது, நீங்கோதான் சொல்லணும். வரலைன்னா மையம் நடக்கட்டும், ரிப்பேரை எப்படியாவது ஞாயித்துக்கிழமைகள்ல பாத்துக்கலாம். வந்துதுன்னா..."

அவர் படியிறங்கிப் போனார். பூலோகம் கலைச்செல்வியின் பக்கத்தில் போய் நின்று, "கீழ சாம்பிராணி போடப் போறாக. இங்க வருதான்னு பாக்கோம்," என்று மட்டும் அவள் காதில் சொன்னார். மற்ற யாருக்கும் எதுவும் தெரியாது.

தன் தொழிலில் அவர் ஒருநாளும் இப்படி வேண்டிக்கொண்டதில்லை. புகை வரும் என்று தெரிந்தும், வராதே என்று வேண்டினார். தாயே, இந்த ஒரு தடவை வராதே. கூரையில் இருந்த காற்றுச் சல்லடையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒட்டியிருந்த ஒரு நூலிழை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

அவர் நினைத்ததை விடச் சீக்கிரம் வந்துவிட்டது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. முதலில் ஜமால் பாய்தான் தூக்கத்திலிருந்து விழித்து, மூச்சை இழுத்தார்.

"வாஹ்! பஞ்சு சாப் இன்னிக்கு ரெண்டாவது தடவை லோபான் போட்டுட்டாரா?" என்று சொல்லிச் சும்மா இருந்த கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். எதிர் வரிசையில் ஒரு மராட்டிய மூதாட்டி, "தேவா, தேவா" என்று தலையைத் தாழ்த்தினாள். இன்னொருவர் கண்ணை மூடி உதட்டை அசைத்தார். அறை முழுவதும் அந்த மணம் இறங்கியது. குழாய்களோடு கட்டுண்டவர்கள், ஒற்றைக் கையோடு, கூடியவரை கும்பிட்டார்கள். உடம்பு முழுவதும் ஊசி ஏறிக் களைத்தவர்களின் முகங்களில் அமைதி வந்தது.

கலைச்செல்வி கும்பிடவில்லை. அவள் பூலோகத்தைப் பார்த்தாள்.

பூலோகம் அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தீப்பிடிக்கும் அன்றைக்கும் இந்த முகங்கள் இப்படித்தான் மூச்சை இழுக்கும். ஆனால் அன்றைக்கு வருவது சாம்பிராணியாக இருக்காது.

படியில் காலடி கேட்டது. பஞ்சு சார் இரைக்க இரைக்க ஏறி வந்து கண்ணாடிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூக்கைச் சுருக்கிச் சுருக்கி முகர்ந்து பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. கதவருகே வந்த பூலோகத்தின் கையைப் பிடித்தார்.

"வந்துதா?"

அந்த முகத்தில் இருந்த ஆசையைப் பார்க்கப் பூலோகத்துக்குச் சகிக்கவில்லை. 'வரல' என்று சொன்னால் போதும். அவர் நம்புவார். சாமி அறைக்குப் போய் விழுந்து கும்பிடுவார். வியாழக்கிழமை கலைச்செல்வி அதே நாற்காலியில் படுப்பாள். பூலோகம் திரும்பி மனைவியைப் பார்த்தார். சொல் என்றும் அவள் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் தனியாக நின்றார்.

"வந்துட்டுய்யா," என்றார். "நல்லாவே வந்துட்டு."

பஞ்சு அங்கேயே ஏணிப்படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு வேட்டி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாளையிலேர்ந்து மூடிடறேன்," என்றார். "செலவை நான் பாத்துக்கறேன். சீக்கிரம் முடிச்சுக் கொடுங்கோ. இவாளுக்கு இடம் தேடணும். குருவாயூரப்பா, இவாளுக்கு இடம் தேடணும்."

அன்று மாலையே அவர் போனை எடுத்தார். அவரும் மையத்தின் நர்ஸ் ஹரிதாவும் தெரிந்த இடங்களையெல்லாம் அழைத்தார்கள். இடமில்லை, இடமில்லை, காத்திருக்க வேண்டும், பெயரைச் சொல்லுங்கள், பார்க்கலாம். புதன்கிழமைக்காரர்கள் சிலருக்குச் சயானில் கிடைத்தது. ஒருவரைச் சொந்தக்காரர்கள் நாசிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஹரிதாவின் வீடு கடற்கழியைத் தாண்டி, கோபர்கைரனேயில். அங்கே அவளுக்குப் பழக்கமான ஒரு மையம், வியாழக்கிழமைக்குச் சில நாற்காலிகள் தருவதாக ஒப்புக்கொண்டது. வியாழக்கிழமைக்காரர்களில் ஒருவருக்கு மட்டும் நாற்காலி குறைந்தது.

வியாழன் காலை கட்டடத்தின் கீழே, மழைக்கு ஒதுங்கி, கோபர்கைரனேக்குப் போகும் வேன் நின்றது. இரண்டாம் மாடியில் தகடு சுரண்டிக்கொண்டிருந்த பூலோகம் மனைவியை ஏற்றிவிடலாம் என்று கறுத்த கைகளோடு இறங்கி வந்தார். வந்தவர்கள் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்து, புடவையையும் பேண்டையும் கொஞ்சம் தூக்கிவிட்டிருந்தார்கள். ஹரிதா ஒவ்வொருவர் முன்னாலும் மண்டியிட்டு, கணைக்கால் எலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தாள். உடம்பில் நீர் கோத்திருந்தால் விரல் பட்ட இடத்தில் குழி நிற்கும். அதிகமாகக் கோத்திருந்தால் குழி நிரம்பவே நேரமாகும். யார் இன்னும் ஒருநாள் தாங்குவார் என்பதை அவர்கள் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் சண்டை போடவில்லை. தன் காலை மட்டும் பார்க்காமல் பக்கத்தில் இருப்பவர் காலையும் எட்டிப் பார்த்தார்கள்.

ஜமால் பாயின் காலில் குழி அப்படியே நின்றது. கலைச்செல்வியின் காலில் மெல்ல நிரம்பியது.

"பாய் ஏறட்டும்," என்றாள் கலைச்செல்வி.

"நஹி பஹன், நீ போ. உனக்குப் புருஷன் இருக்காரு, வீடு இருக்கு. எனக்கு யாரு? போனா போறேன்."

"போறதுக்கு இப்பம் என்ன அவசரம்? பேசாம ஏறுங்க. உங்க கொறட்டை இல்லாம இன்னைக்காவது நிம்மதியா இருப்பேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ஜமால் பாயும் சிரித்தார், சிரிக்கும்போதே இரைத்தது. ஹரிதா அவரைத் தாங்கி ஏற்றினாள். வேன் போய்விட்டது.

பூலோகம் மனைவியின் முன்னால் வந்து நின்றார். "ஏட்டி, என்ன காரியம் செஞ்சுட்ட?"

"கேக்காதீங்க. கேட்டா அழுதுருவேன். அழுதா தாகம் எடுக்கும், தண்ணி குடிக்கக் கூடாதுல்லா." அவள் சேலையைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நீங்க மேல போங்க. சீக்கிரமா முடிங்க."

அவர் போனார். அன்றும் மறுநாளும் அவரும் ராஹிலும் வேலை செய்ததை வேலை என்று சொல்ல முடியாது. அது ஒரு விதப் பிரார்த்தனை. ராஹில் தான் கட்டிய கம்பிகளைத் தானே அறுத்தார். நாகராஜ் மார்க்கெட்டெல்லாம் அலைந்து, புது உலோகத் துண்டுகளைத் தாமே வாங்கிக்கொண்டு வந்து தந்தார். "ஃபெயில்னு அனுப்பிட்டேன்," என்று மட்டும் சொன்னார். பஞ்சு சார் தினமும் வீட்டிலிருந்து ஃபிளாஸ்கில் காபி கொண்டுவந்து, ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இடையிடையே போன் செய்து பார்ப்பார். கலைச்செல்விக்கு மட்டும் எங்கும் இடம் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் போன் செய்தாள். சொற்களுக்கு நடுவில் மூச்சு வாங்கியது.

"ஏங்க... படுக்க முடியல. உக்காந்தே... இருக்கேன்."

பூலோகம் கையிலிருந்த திருப்புளியைப் போட்டுவிட்டு ஓடினார். தாராவியில் அவர்கள் வீட்டுச் சந்துக்குள் ஆட்டோ போகாது. பக்கத்து வீட்டுப் பேச்சிராஜாவும் அவரும் அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி, சாக்கடை மேல் போட்ட கற்களில் கால் வைத்து, மழையில் நனைந்தபடி ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவள் முகம் உப்பியிருந்தது. உதடு சாம்பல் நிறமாக இருந்தது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று அவருக்குத் தெரியவில்லை. ஏதாவது ஒரு வராந்தாதான். ஒரு வார்த்தையால் இவளைக் கொன்றுவிட்டேனோ என்று தோன்றியது.

அப்போதுதான் ஹரிதா அழைத்தாள்.

"அங்கிள், ஆன்ட்டியைக் கூட்டிண்டு நேரா கோபர்கைரனே வாங்கோ. மெஷின் ரெடி பண்றா. லேட் பண்ணாதீங்கோ."

"எடமில்லன்னு சொன்னாகளே?"

"அவசரத்துக்குன்னு ஒரு மெஷினைத் தனியா வெச்சிருக்கா. தர மாட்டேன்னுதான் சொன்னா. ஜமால் பாய் நேத்தைக்கு டயாலிசிஸ் முடிஞ்சும் வீட்டுக்குப் போகலை. ராத்திரி அங்கேயே பெஞ்சுல படுத்துண்டு, காலைலேர்ந்து வர டாக்டர், வார்டு பாய் ஒருத்தர் விடாம எல்லார்கிட்டயும், 'என் தங்கச்சி தன் சீட்டை எனக்குக் குடுத்துட்டுக் காத்திண்டிருக்கா'ன்னு சொல்லிண்டே இருந்திருக்கார். தொல்லை தாங்காம சரின்னுட்டா. டெக்னீஷியன் டியூட்டி முடிஞ்சும் நிக்கறார். வாங்கோ."

பேச்சிராஜா ஒரு டாக்சியை மறித்தார். வாஷி பாலத்தில் ஏறியபோது, கடற்கழியின் மேல் மழை சாம்பல் திரையாக இறங்கிக்கொண்டிருந்தது. கலைச்செல்வி அவர் தோளில் சாய்ந்து, ஒவ்வொரு மூச்சையும் எண்ணி எடுப்பதுபோல எடுத்தாள். அவர் அவள் முதுகைத் தடவிக்கொண்டே, தெரிந்த சாமிகளையெல்லாம், கூடவே ஜமால் பாயின் சாமியையும் கூப்பிட்டார்.

வாசலிலேயே ஹரிதாவும் ஜமால் பாயும் சக்கர நாற்காலியோடு நின்றார்கள். அவளை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடியது. நெடுநேரத்துக்குப் பிறகு ஹரிதா எட்டிப் பார்த்து, "மெஷின்ல ஏத்தியாச்சு. ஆக்சிஜன் வெச்சிருக்கா. மூச்சிரைப்பு கொஞ்சம் கொறையறது," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பூலோகம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். நாளைச் சனிக்கும் அடுத்த செவ்வாய்க்கும் அவளுக்கு இன்னும் நாற்காலி இல்லை. செம்பூரில் ராஹில் இப்போது தனியாக ஏணியில் நின்றுகொண்டிருப்பார். சும்மா உட்கார முடியவில்லை. எழுந்து நடந்தார். தாழ்வாரத்தின் கூரையை அண்ணாந்து பார்த்தார். அவருக்குத் தெரிந்த இடத்தில், தெரிந்த வடிவத்தில் ஒரு மூடி இருந்தது.

"க்யா தேக் ரஹே ஹோ, சாச்சா?" என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டபடி வாசலில் இருந்த காவலாளி எழுந்து வந்தார்.

பூலோகம் தன் ஏஜென்சி அட்டையை எடுத்துக் காட்டி, மேலே இருப்பதைச் சுட்டிக்காட்டினார். உள்ளே என் மனைவி இருக்கிறாள் என்பதைத் தமக்கு வந்த இந்தியில் சொன்னார். அது எதற்கு என்று அந்த மனிதருக்குப் புரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் நனைந்த உடம்போடு கண் சிவந்து நிற்கும் ஒருவரை அவர் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே போய் அனுமதி கேட்டுவிட்டு, ஓர் உயரமான ஸ்டூலை எடுத்துக்கொண்டு வந்து போட்டார்.

பூலோகம் ஏறினார். ஸ்டூல் ஆடியது. காவலாளி குனிந்து அவர் கால்களை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். மூடியைத் திறந்தார். டார்ச் இல்லை. போன் வெளிச்சத்தில் உள்ளே பார்த்தார். கையை விட்டுத் தகடுகளின் ஓரத்தைத் தடவினார். கம்பி இல்லை, பிசுக்கு இல்லை. விரலால் பிடியை மெல்லத் தட்டிவிட்டார். கதவு டங்கென்று விழுந்து மூடியது.

சத்தம் கேட்டு ஹரிதா ஓடிவந்தாள். "அங்கிள், என்ன அது?"

"ஒண்ணுமில்லம்மா. நல்லாருக்கு." கதவை மறுபடியும் தூக்கி மாட்டினார். காற்று முன்போல ஓடத் தொடங்கியது. "இங்க நல்லாருக்கு."

இறங்கும்போது ஸ்டூல் மறுபடியும் ஆடியது. காவலாளி பிடியை விடாமல் அவரைப் பெஞ்சுவரை நடத்திக்கொண்டுபோய் உட்கார வைத்தார். அங்கே உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்த ஜமால் பாய், கண்ணைத் திறக்காமல், கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.